மையமும் பொறியும்: பணிசெயல் முறைமை பரவிய வரலாறு

கருவிகளின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அவற்றைக் கண்டுபிடித்தோரின் வரலாற்றையே எழுதி அமைந்தனர். கண்டுபிடிக்கப்பட்ட கருவி ஓரிடத்திலிருந்து ஆயிரம் இடங்களுக்கு எங்ஙனம் சென்றது, சென்ற இடத்தில் அதனை இயங்கும் நிலையில் வைத்தற்கு எத்துணை உழைப்பு வேண்டியிருந்தது, அவ்வுழைப்பை மேற்கொண்டோர் யாவர் என்னும் வினாக்கள் அத்துணை விரிவாக ஆராயப்படவில்லை. கணினியின் வரலாற்றிலும் இந்நிலையே காணப்படுகின்றது. கணினியை ஆக்கியோரும் அதற்கு மென்பொருள் வகுத்தோரும் புகழ்பெற்றுள்ளனர். ஓர் அலுவலகத்திலோ கல்லூரியிலோ உள்ள நூறு கணினிகளை ஒருங்கே பயன்படும் நிலைக்குக் கொணர்ந்த முறைகளோ, வெறுந் தொழில் நுணுக்கங்களெனக் கருதப்பட்டு ஒதுக்கப்பட்டன.

கணினியின் வன்பொருள் தானாக எதனையும் செய்யாது. விசைப்பலகையில் அழுத்திய எழுத்தை ஏற்றல், வட்டிலுள்ள கோப்பைத் தேடியெடுத்தல், நினைவகத்தைப் பங்கிடல், திரையில் எழுத்தைக் காட்டல் முதலிய பணிகளை ஆளும் அடிப்படை மென்பொருளை இலங்கைப் பாடநூல்கள் பணிசெயல் முறைமை என்றும், தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இயக்க அமைப்பு என்றும் வழங்குகின்றன. இஃது ஏற்றப்படாத கணினி உலோகமும் கண்ணாடியும் சேர்ந்த ஒரு பெட்டியே. எனவே, பணிசெயல் முறைமையைத் தெரிந்தெடுத்து அமைப்பவர், அக்கணினியின் முன் அமரும் ஒருவர் எம்மொழியில் எழுதலாம், எவ்வெவற்றைச் செய்யலாம் என்பதையும் முன்கூட்டியே அமைத்துவிடுகின்றார்.

இவ்வரலாற்றை நோக்குதற்குச் சப்பிரகமுவ மாகாணத்துக் கேகாலை மாவட்டத்தைச் சேர்ந்த ரம்புக்கனை தக்கதோர் இடமாகும். 1867 ஆம் ஆண்டிற் கொழும்பையும் கண்டியையும் இணைத்த இருப்புப்பாதை, தாழ்நிலத்தை விட்டு மலையேறத் தொடங்குவது இந்நிலையத்திலேயாம். கொழும்பிலிருந்து வரும் இரட்டைப்பாதை இங்கு முடிவுறுகின்றது. அப்பால், ஏறத்தாழ 45 அடிக்கு ஓரடி உயரும் தனிப்பாதை கடுகண்ணாவையை நோக்கிச் செல்கின்றது. நீராவிக் காலத்தில் வண்டியைப் பின்னிருந்து தள்ளுதற்கு இங்கு மற்றோர் இயந்திரம் பூட்டப்பட்டது. தாழ்நிலத்தில் எளிதிற் செல்லும் வண்டி, மலையை அடைந்ததும் மேலும் ஒரு வலுவை வேண்டிநின்றது. பணிசெயல் முறைமையின் பரவலும் இத்தகையதே. கொழும்பு அலுவலகமொன்றில் ஒரு பிற்பகலில் முடியும் வேலை, இறப்பர்த் தோட்டங்களையும் தேயிலைத் தோட்டங்களையும் கடந்து ஒரு மலைப் பாடசாலையை அடையும்போது வேறொரு வேலையாகிவிடுகின்றது. இப்பகுதியில் நெடுங்காலமாக அறியப்பட்ட இரு தொழின்முறைகள், அதாவது இறப்பர் நாற்றை ஒட்டும் முறையும் தனிப்பாதையில் வண்டி விடும் முறையும், இப்பொருளை விளக்குதற்குப் பின்னர்ப் பயன்படும்.

ஒரு நிறுவனம், ஒரு பொறி

தொடக்கத்தில் இச்சிக்கலே இருந்ததில்லை. ஐபிஎம் 704 என்னும் கணினிக்கென ஜெனரல் மோட்டோர்ஸ், நோர்த் அமெரிக்கன் ஏவியேசன் ஆகிய நிறுவனங்கள் 1956 ஆம் ஆண்டில் ஆக்கிய முறைமையே பணிசெயல் முறைமைகளுள் மிக முந்தியவற்றுள் ஒன்று. அது பயன்படுவோரின் கையிலேயே உருவானது. 1964 ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனம் 360 என்னும் கணினி வரிசையை அறிவித்தது. சிறியதும் பெரியதுமான பல பொறிகளுக்குப் பொதுவானதொரு பணிசெயல் முறைமை என்னும் எண்ணம் அவ்வரிசையோடு வலுப்பெற்றது. 1969 ஆம் ஆண்டிற் பெல் ஆய்வுகூடத்தில் யுனிக்ஸ் தோன்றிற்று.

இக்காலத்தில் ஒரு நிறுவனத்துக்குப் பெரும்பாலும் ஒரு கணினியே இருந்தது. குளிரூட்டிய அறையொன்றில் அது வைக்கப்பட்டது. பயிற்சி பெற்ற சிலரே அதனை அணுகினர். பணிசெயல் முறைமையை மாற்றுதல் அவ்வறையினுள் நிகழும் ஒரு செயலாக முடிந்தது. பின்னர் நூறு பேர் நூறு முனையங்களில் அமர்ந்து வேலைசெய்த காலத்தும், முனையத்துக்கெனத் தனி அறிவு ஒன்றும் இருக்கவில்லை. அறிவு முழுவதும் நடுவிலேயே இருந்தது. நடுவைத் திருத்தினால் யாவும் திருந்தின.

1981 ஆம் ஆண்டு ஓகத்து மாதத்தில் ஐபிஎம் நிறுவனம் தன் தனியாட் கணினியை வெளியிட்டபின் இந்நிலை மாறிற்று. மேசைதோறும் ஒரு கணினி, கணினிதோறும் ஒரு பணிசெயல் முறைமை என்றாயிற்று. இலங்கையிலும் 1983 ஆம் ஆண்டிற் தேசியக் கணினிக் கொள்கை வகுக்கப்பட்டு, அடுத்த ஆண்டிற் சின்ரெக் என வழங்கிய கணினி, தகவல் தொழினுட்ப மன்றம் அமைக்கப்பட்டது. பேராசிரியர் வி. கே. சமரநாயக்கா இம்முயற்சிகளில் முன்னின்றவர். கணினி பெருகப் பெருக, அதனைப் பேணும் வேலையும் மேசைதோறும் சிதறிற்று.

நெகிழ்வட்டுக் காலம்

மேசைக் கணினிகளுக்குப் பணிசெயல் முறைமை முதலில் நெகிழ்வட்டுக்களின் மூலமே ஏற்றப்பட்டது. 1995 ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 95 என்னும் முறைமையின் நெகிழ்வட்டுப் பதிப்பு 13 வட்டுக்களைக் கொண்டது. நாற்பது கணினிகள் உள்ள ஓர் ஆய்வுகூடத்தை எண்ணிப் பார்த்தால், அவற்றுக்கு அதனை ஏற்றுதற்கு 520 முறை வட்டை இடுதலும் எடுத்தலும் வேண்டும். ஒரு வட்டிற் பழுது நேர்ந்தால் அக்கணினிக்குச் செய்த வேலை வீணாகும். இறுவட்டு வந்தபின் வட்டு மாற்றும் தொல்லை நீங்கியதேயன்றி, ஒவ்வொரு கணினியின் முன்னும் ஒருவர் அமர்ந்து, அது கேட்கும் வினாக்களுக்கு விடையளிக்கும் தொல்லை நீங்கவில்லை.

காலவிரயத்தினும் பெரிய கேடு வேற்றுமையாகும். ஒரே வினாவுக்குக் காலையில் ஒரு விடையும் களைத்த மாலையில் வேறொரு விடையும் அளித்தல் மனித இயல்பு. ஆறு மாதங்களின் பின் நாற்பது கணினிகளும் நாற்பது வகையாக நின்றன. ஒன்றிற் தோன்றிய கோளாற்றுக்குக் கண்ட பரிகாரம் மற்றொன்றுக்குப் பயன்படவில்லை. நிருவாகத் தொழினுட்பவியலாளர் வேண்டியது விரைவை மட்டுமன்று. எல்லாப் பொறிகளும் ஒருதன்மையவாய் இருத்தலையுமேயாம்.

படிமமும் ஒட்டுமரமும்

இத்தேவைக்கு முதலிற் கிடைத்த பெருந்தீர்வு நகலெடுத்தலாகும். ஒரு கணினியைச் செவ்வனே அமைத்து, அதன் வன்தட்டு முழுவதையும் அப்படியே ஒரு கோப்பாகப் பதிந்து, அக்கோப்பை ஏனைய கணினிகளின் வன்தட்டில் எழுதிவிடுதலே அம்முறை. இக்கோப்பு படிமம் எனப்படும். நியூசிலாந்தில் ஆக்கப்பட்டு 1996 ஆம் ஆண்டளவில் வெளிவந்த கோஸ்ட் என்னும் மென்பொருள் இம்முறையை உலகெங்கும் பரப்பிற்று. 1998 ஆம் ஆண்டில் அதனைச் சிமன்ரெக் நிறுவனம் வாங்கிக்கொண்டது. ஒரு படிமத்தை நாற்பது கணினிகளுக்கு நாற்பது முறை அனுப்பாது, வலையமைப்பில் ஒருமுறை அனுப்பி நாற்பதும் ஒருங்கே ஏற்கச் செய்யும் முறையும் அதனோடு வழக்கிற்கு வந்தது.

கேகாலைப் பகுதி மக்களுக்கு இச்செய்கை புதிதன்று. இறப்பர்த் தோட்டத்தில் விதையிலிருந்து முளைத்த மரங்கள் ஒன்றுக்கொன்று வேறுபடும். ஒன்று பால் மிகத் தரும், மற்றொன்று குறையத் தரும். ஆதலின், நல்ல தாய்மரமொன்றின் அரும்பை எடுத்து நாற்றின் தண்டில் ஒட்டி, ஒரே தன்மையுடைய மரங்களைத் தோட்டம் முழுவதும் வளர்ப்பர். அங்ஙனம் பெருக்கிய மரங்கள் யாவும் ஒரு மரத்தின் மறுபதிப்புக்களே. இம்முறையால் விளைவு பெருகிற்று. எனினும், இலங்கை இறப்பர் ஆராய்ச்சி நிறுவகம் உருவாக்கிய ஆர்.ஆர்.ஐ.சி. 103 என்னும் இனம் பெருவிளைவுக்கெனப் பரவலாக நடப்பட்டபின், 1980 களின் நடுப்பகுதியிற் கொறினெஸ்போரா என்னும் பூஞ்சணத்தால் உண்டாகும் இலையுதிர் நோய் அதனைப் பற்றிற்று. ஒரு மரத்தை வாட்டிய நோய் அவ்வினத்து மரங்கள் அனைத்தையும் வாட்டவல்லதாயிற்று. நட்ட மரங்களைப் பிடுங்கி எறியவேண்டி நேர்ந்தது. ஒருமைப்பாடு தரும் பயனும் ஒருமைப்பாடு தரும் இடரும் ஒரே வேரிலிருந்து வருவன என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

கணினிப் படிமத்திலும் நகலெடுத்தலின் இடர் விரைவிலேயே தோன்றிற்று. விண்டோஸ் முறைமை ஒவ்வொரு கணினிக்கும் தனித்ததொரு பாதுகாப்பு அடையாள எண்ணை வழங்கும். படிமத்தால் ஏற்றிய கணினிகள் யாவும் தாய்க் கணினியின் எண்ணையே தாங்கின. இவற்றை வேறுபடுத்துதற்கு மைக்ரோசொவ்ற் நிறுவனம் சிஸ்பிரெப் என்னும் கருவியை வழங்கிற்று. மார்க் ருசினோவிச் என்பார் நியூசிட் என்னும் வேறொரு கருவியையும் ஆக்கியளித்தார். பல்லாண்டுகள் அதனை உலகெங்கும் பயன்படுத்தினர். 2009 ஆம் ஆண்டில் அவரே இப்பொருளை மீளவும் ஆராய்ந்து, அடையாள எண் ஒத்திருத்தலால் அஞ்சப்பட்ட கேடு உண்மையில் இல்லை எனக் கூறித் தம் கருவியை மீட்டுக்கொண்டார். ஆயினும் கதை அத்துடன் முடியவில்லை. 2025 ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் இற்றைப்படுத்தல்கள் இவ்வெண்ணைக் கண்டிப்பாகச் சரிபார்க்கத் தொடங்கவே, முறைப்படி பொதுமையாக்காது நகலெடுத்த கணினிகள் ஒன்றையொன்று ஏற்க மறுத்தன. ஒரு காலத்திற் தீங்கற்றதெனக் கொள்ளப்பட்ட குறுக்குவழி பதினாறு ஆண்டுகளின் பின் பழுதாய் வெளிப்பட்டது. படிமத்தில் விட்ட பிழை தனக்கு ஏற்ற காலம் வரும்வரை உறங்கவல்லது.

வெற்றுப் பொறி கேட்கும் வினா

படிமத்தை ஆக்கினாற் போதாது. வெறுமையான பொறி அதனை எங்ஙனம் பெறும் என்பது அடுத்த வினா. பணிசெயல் முறைமை இல்லாத கணினிக்கு வலையமைப்பிற் பேசத் தெரியாது. வலையமைப்பிற் பேசாமற் பணிசெயல் முறைமையைப் பெறவும் இயலாது. இம்முட்டுப்பாட்டைத் தீர்த்தற்கு, பிறப்பிலேயே பொறிக்குச் சில சொற்களைக் கற்பித்துவிடும் வழி கண்டனர். 1985 ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட பூற்பி என்னும் நெறிமுறைப்படி, விழித்தெழுந்த பொறி வலையமைப்பு முழுவதற்கும் கேட்கும்படி தன் வன்பொருள் எண்ணைக் கூறி, தான் யார் என்றும் தனக்குரிய கோப்பு எங்கே என்றும் வினவும். அறிந்த சேவையகம் விடையளிக்கும். இவ்வடிப்படையின் மேல் இன்ரெல் நிறுவனம் பிஎக்ஸ்இ என்னும் பொதுமுறையை வகுத்து, 1999 ஆம் ஆண்டில் அதன் 2.1 ஆம் பதிப்பை வெளியிட்டது. அதன்பின் விற்பனைக்கு வந்த பெரும்பாலான அலுவலகக் கணினிகள் இவ்வினாவைக் கேட்கும் ஆற்றலோடு பிறந்தன. விண்டோஸ் 2000 முறைமையோடு வந்த தொலைநிறுவற் சேவையும், ரெட்ஹற் லினக்சின் கிக்ஸ்ராற் முறையும் இவ்வழியைப் பயன்கொண்டன. வினாக்களுக்குரிய விடைகளை முன்னரே ஒரு கோப்பில் எழுதிவைத்துவிட்டால், மனிதர் ஒருவரும் முன்னமராமலே கணினி தன்னைத்தான் அமைத்துக்கொள்ளும் நிலை உண்டாயிற்று.

கல்வி நிலையங்களுக்கு இவ்வரலாற்றிற் சிறப்பான இடம் உண்டு. அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகம் 1983 ஆம் ஆண்டில் அதீனாத் திட்டத்தைத் தொடங்கிற்று. வளாகத்தின் எந்தக் கணினியில் அமர்ந்தாலும் மாணவனுக்குத் தன் கோப்புக்களும் தனக்குப் பழகிய சூழலும் கிடைத்தல் வேண்டும் என்பதே அதன் நோக்கம். அதனை எய்துதற்கு ஆங்குள்ளோர் கண்ட கேர்பரோஸ் என்னும் அடையாளச் சரிபார்ப்பு முறை, பிற்காலத்தில் அலுவலக வலையமைப்புக்கள் பலவற்றுக்கும் அடித்தளமாயிற்று.

முகாமைக் கருவிகள்

ஏற்றுதல் ஒருநாட் செயல். பேணுதல் நெடுநாட் செயல். 1994 ஆம் ஆண்டில் மைக்ரோசொவ்ற் நிறுவனம் வெளியிட்ட முறைமை முகாமைச் சேவையகம், ஒரு நிறுவனத்திலுள்ள கணினிகளைக் கணக்கெடுத்து, அவற்றுக்கு மென்பொருளை நடுவிலிருந்து அனுப்ப உதவிற்று. 2007 ஆம் ஆண்டளவில் அது அமைவடிவ முகாமையாளர் என்னும் புதுப்பெயர் பெற்று, பணிசெயல் முறைமையை ஏற்றுதலையும் தன் பணிகளுள் ஒன்றாக்கிக் கொண்டது. வன்தட்டைப் பிரித்தல், படிமத்தை எழுதுதல், சாதன இயக்கிகளை இடுதல், பெயரிடல், நிறுவன வலையமைப்பிற் சேர்த்தல் ஆகிய படிகளை ஓர் ஒழுங்கில் எழுதி, அவ்வொழுங்கைக் குறித்த கணினித் தொகுதியொன்றுக்கு ஏவுதல் அதன் முறை. தொலைவிலுள்ள கிளைகளுக்கு ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனி அனுப்பாது, கிளையில் ஒரு பகிர்வகத்தை வைத்து அங்கிருந்து அயலிலுள்ளவற்றுக்கு வழங்குவர். மெல்லிய இணைப்புள்ள மலைப்பகுதிகளுக்கு இது இன்றியமையாதது. ரம்புக்கனையிற் பூட்டிய பின்னியந்திரத்தின் வேலையையே இப்பகிர்வகமும் செய்கின்றது.

இதற்கு ஓராண்டு முன்னரே வேறொரு சிந்தனையும் பிறந்திருந்தது. ஒஸ்லோ பல்கலைக்கழகத்து மார்க் பேர்கெஸ் என்பார் 1993 ஆம் ஆண்டிற் சிஎவ்எஞ்சின் என்னும் கருவியை ஆக்கினார். இன்னது செய்க, அடுத்து இன்னது செய்க எனப் பொறிக்கு ஏவுதலை விடுத்து, பொறி இன்ன நிலையில் இருத்தல் வேண்டும் என்று எழுதி வைப்பதே அவர் கண்ட வழி. பொறியிலேயே உறையும் முகவர் மென்பொருள் அந்நிலையையும் நடப்பு நிலையையும் ஒப்புநோக்கி, விலகிய இடத்தை மட்டும் திருத்தும். 2005 இல் வந்த பப்பெற்றும் 2012 இல் வந்த அன்சிபிளும் இச்சிந்தனையின் வழித்தோன்றல்களே. நடுவிலிருந்து படிமம் சுமத்தப்படும் பொறிக்கும், எழுதிய நெறியைத் தானே படித்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும் பொறிக்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று.

ஏவலின் வன்மையும் இடரும்

நடுவிலிருந்து ஆளும் வன்மையை அறிதற்கு மூன்று நிகழ்ச்சிகள் போதும். முதலாவது, அவ்வன்மை பயன்படாமையால் விளைந்த கேடு. 2017 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் விண்டோஸ் முறைமையின் ஒரு குறைபாட்டுக்கு மருந்து வெளியிடப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் 12 ஆம் நாள் வன்னாக்கிறை என்னும் தீநிரல் பரவி, ஐக்கிய இராச்சியத்தின் மருத்துவமனைகள் உட்படப் பல நாடுகளிலும் கணினிகளை முடக்கியது. மருந்து இரண்டு மாதங்களாக ஆயத்தமாய் இருந்தும் பொறிகளைச் சென்றடையாமையே காரணம்.

இரண்டாவது, அவ்வன்மை பிழைபடப் பயன்பட்டமையால் விளைந்த கேடு. 2014 ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில், விண்டோஸ் 7 ஏற்றும் ஏவல் தவறுதலாக விண்டோஸ் கணினிகள் எல்லாவற்றுக்கும் சென்றுவிட்டது. அவ்வேவலின் முதற்படி வன்தட்டை அழித்து மீளப் பிரித்தலாகும். மேசைக் கணினிகளும் மடிக்கணினிகளும் சேவையகங்களும் அழியலாயின. பிழை உணரப்பட்டபோது, ஏவலை அனுப்பிய முகாமைச் சேவையகமும் தன்னைத்தானே அழித்துக்கொண்டிருந்தது.

மூன்றாவது, 2024 ஆம் ஆண்டு யூலை மாதம் 19 ஆம் நாள் நிகழ்ந்தது. கிறவுட்ஸ்றைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான இற்றைப்படுத்தல் ஒன்றினால் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் செயலிழந்தன என மைக்ரோசொவ்ற் மதிப்பிட்டது. விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் வங்கிகளும் தடைப்பட்டன. பிழையான கோப்பு சில மணிநேரத்திற் திருத்தப்பட்டும், முடங்கிய பொறிகள் அத்திருத்தத்தைக் கேட்கும் நிலையில் இருக்கவில்லை. அவற்றுட் பல, பொறிதோறும் ஒருவர் சென்று அமர்ந்து கையாற் திருத்தும் பழைய முறையினாலேயே மீண்டன. நடுவிலிருந்து ஒரு நொடியில் நேர்ந்த கேட்டை விளிம்பிலிருந்த கைகளே நீக்கின. ஒட்டுமரத் தோட்டத்தைப் பற்றிய நோயின் கதை கணினி உலகில் மீள நிகழ்ந்தது எனலாம்.

படிமத்தினுட் தமிழ்

மேற்கூறியவை வெளிப்படையான கேடுகள். ஒருவரும் ஆரவாரிக்காத வேறொரு கேடும் உண்டு. அது படிமத்தில் இடம்பெறாத பொருளைப் பற்றியது.

தமிழ் எழுத்துக்கள் 1991 ஆம் ஆண்டிலேயே யூனிகோடு தராதரத்தில் இடம்பெற்றன. விண்டோஸ் 2000 முறைமை லதா என்னும் தமிழ் எழுத்துருவோடு வந்தது. எனினும், 2001 இல் வந்து பல்லாண்டுகள் பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் நிலைத்த விண்டோஸ் எக்ஸ்பியில், தமிழை ஒழுங்காகக் காட்டுதற்கு வேண்டிய கோப்புக்கள் வழக்கமான நிறுவலிற் சேரா. மொழி அமைப்புப் பகுதிக்குச் சென்று, சிக்கலெழுத்து மொழிகளுக்குரிய கோப்புக்களை நிறுவுக என்னும் சிறு கட்டத்தைத் தெரிவுசெய்து, இறுவட்டையும் இடுதல் வேண்டும். அக்கட்டத்தைத் தொடாத கணினியில் எழுத்தும் அதன் உயிர்க்குறியும் சேராது பிரிந்து நின்றன. ககரத்துக்கு முன் நிற்கவேண்டிய ஒற்றைக்கொம்பு பின்னே நின்றது. மெல்லிய இணைப்பும் இறுவட்டு இல்லாமையும் உள்ள இடத்தில் இதனைத் திருத்துதல் எளிதன்று. பலர் பாமினி முதலிய பழைய எழுத்துருக்களையே நம்பினர். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில், ஒருவர் வருந்தித் தட்டிய தமிழ்க் கட்டுரை பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றிற்று.

படிமத்தை ஆக்கும் தொழினுட்பவியலாளர் தாய்க் கணினியில் அக்கட்டத்தை ஒருமுறை தெரிவுசெய்தால், அப்படிமத்தைப் பெறும் ஆயிரம் கணினிகளிலும் தமிழ் செம்மையாகத் தோன்றும். அவர் மறந்துவிட்டால், ஆயிரம் கணினிகளின் முன்னும் அமர்வோர் தனித்தனியே தடுமாறுவர்; தம் மொழிக்குக் கணினியில் இடமில்லை போலும் என்று சிறுவர் எண்ணவுங்கூடும். மையத்தில் ஒரு நொடியின் கவனம், விளிம்பில் ஓராயிரம் மணிநேரத்து உழைப்புக்கு ஈடாகும். 2007 இல் வந்த விண்டோஸ் விஸ்ராவோடு அக்கட்டம் மறைந்தது. தமிழைக் காட்டும் ஆற்றல் இயல்பாகவே அமைந்தது. ஆயினும், தமிழ் விசைப்பலகையைச் சேர்த்தலும் இடைமுகத்தைத் தமிழிற் தருதலும் இன்றும் படிமம் ஆக்குவோரின் தெரிவாகவே உள்ளன.

இத்தெரிவை ஓர் அரசியற் பொறுப்பாகவே கொண்ட முயற்சிகள் அயலில் உள்ளன. தமிழ்நாட்டில் எல்காட் எனப்படும் மின்னணுக் கழகம், சி. உமாசங்கர் அதன் தலைமையில் இருந்த காலத்தில், 2007 ஆம் ஆண்டளவிற் தன் கணினிகளைச் சூசே லினக்சுக்கு மாற்றி, பாடசாலைக் கணினிகளுக்கும் லினக்சை நாடியது. சென்னையைக் களமாகக் கொண்டு சீ-டாக் நிறுவனம் உருவாக்கிய பொஸ் லினக்ஸ் 2007 இல் வெளிவந்து, இந்திய மொழிகளைத் தன்னுட் கொண்டிருந்தது. 2011 இல் தொடங்கிய மாணவர் மடிக்கணினித் திட்டத்திலும் அது இடம்பெற்றது. கேரளம் 2001 இல் தொடங்கிய பாடசாலைத் தகவல் தொழினுட்பத் திட்டத்தின்கீழ், மலையாளக் கருவிகளையும் பாடத்துக்குரிய மென்பொருள்களையும் சேர்த்துத் தனக்கெனவே ஒரு லினக்ஸ் பதிப்பை வகுத்தது. 2019 ஆம் ஆண்டில் அதன் புதிய பதிப்பு இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட பாடசாலைக் கணினிகளுக்கென வெளியிடப்பட்டது. ஆங்கு ஆசிரியர்களே பயிற்சி பெற்றனர். 2018 இல் தொடங்கிய மாணவர் கழகங்களும் ஆய்வுகூடப் பேணலிற் பங்குகொண்டன. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் படிமம் தலைநகரில் ஆக்கப்பட்டதேயாயினும், கேரளத்தில் அதனைக் கையாளும் அறிவு கிராமப் பாடசாலைவரை கொண்டுசெல்லப்பட்டது.

இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ்த் தகவல், தொடர்பாடற் தொழினுட்ப முகவரகம் அமைக்கப்பட்டது. அதன் நெனசலத் திட்டத்தின்கீழ் நாடெங்கும் அறிவு நிலையங்கள் திறக்கப்பட்டன. 2014 இல் அத்திட்டம் பில், மெலிண்டா கேற்ஸ் மன்றத்தின் அனைத்துலகப் பரிசைப் பெற்றது. தமிழுக்குரிய எழுத்துக் குறியீடும் விசைப்பலகையும் 2008 இல் இலங்கைத் தராதரம் 1326 ஆக வரையறுக்கப்பட்டன. கண்டியின் மலைத்தொடரொன்றின் பெயரைத் தாங்கி, பெடோராவை அடியாகக் கொண்ட ஹந்தானை லினக்ஸ் என்னும் பதிப்பும் இலங்கையில் ஆக்கப்பட்டது. 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. சட்டமும் தராதரமும் உள்ளன. ஆனால், சட்டநூலிலுள்ள உரிமை கேகாலைத் தோட்டத்துப் பிள்ளையின் விரலை அடையும் இடம், எங்கோ ஓர் அறையில் ஆக்கப்படும் படிமமே. தமிழ் பேசுவோர் சிறுதொகையினராய் வாழும் இத்தகைய பகுதியில், பெரும்பான்மைத் தேவையை மட்டும் நோக்கி அப்படிமம் ஆக்கப்படுமாயின், எவருடைய தீய எண்ணமும் இன்றியே அவ்வுரிமை இடையில் நின்றுவிடும்.

இரு முனையின் இசைவு

மையத்தை முற்றாக நீக்கி, கணினிதோறும் ஒருவர் அமரும் நெகிழ்வட்டுக் காலத்துக்கு மீளுதல் இயலாது. மீளின், தொலைவிலுள்ள பாடசாலையே முதலிற் கைவிடப்படும். மையத்தை வரையறையின்றி நம்புதலின் விளைவு மேலே கூறப்பட்டது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியை மலைநாட்டு இருப்புப்பாதை நெடுங்காலமாக அறியும்.

தனிப்பாதையில் எதிரெதிரே இரு வண்டிகள் புகாதிருத்தற்கு, ரப்லற் என வழங்கும் வட்டத்தகட்டைப் பெற்றாலன்றி ஓட்டுநர் வண்டியைச் செலுத்துதல் ஆகாது என்பது விதி. அடுத்தடுத்த இரு நிலையங்களிலும் உள்ள பெட்டிகள் மின்கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். ஒரு நிலையத்தார் தம் விருப்பப்படி மட்டும் தகட்டை எடுத்தல் இயலாது. மறுமுனையில் உள்ளவர் தம் கருவியை இயக்கி இசைந்தாலே பெட்டி அதனை விடுவிக்கும். ஒரு தகடு வெளிவந்தபின், அது மீளப் பெட்டியுட் புகும்வரை வேறொன்று இரு முனையிலும் வெளிவராது. விதி முழுவதற்கும் பொது; ஆனால் ஒவ்வொரு வண்டியும் இரு முனைகளின் இசைவினாலேயே செல்கின்றது. ஏவும் அதிகாரத்தை இரண்டாகப் பகுத்தமையே அம்முறையின் பாதுகாப்பு.

கணினி முகாமையிலும் இவ்விசைவு படிப்படியாக வந்துகொண்டிருக்கின்றது. புதிய படிமத்தை முதலிற் சில கணினிகளுக்கும், பின் ஒரு சிறு தொகுதிக்கும், அதன்பின் முழு நிறுவனத்துக்கும் விடுதல் நல்வழக்காகியுள்ளது. 2024 ஆம் ஆண்டு இடருக்குப்பின், தன் உள்ளடக்கத்தையும் இங்ஙனமே கட்டங்கட்டமாக விடுவதாகவும், ஏற்கும் காலத்தைப் பயனாளரே தெரிவுசெய்ய இடமளிப்பதாகவும் கிறவுட்ஸ்றைக் நிறுவனம் அறிவித்தது. எஞ்சியுள்ள வினா, அம்முதற் சிறு தொகுதியில் எக்கணினிகள் சேர்க்கப்படும் என்பதே. அவை யாவும் தலைநகர அலுவலகக் கணினிகளாக இருப்பின், தலைநகரின் குறைகள் மட்டுமே புலப்படும். மெல்லிய இணைப்பும் பழைய பொறியும் தமிழ்மொழி மூலக் கல்வியும் உள்ள தோட்டப் பாடசாலை ஒன்றேனும் அத்தொகுதியில் இருத்தல் வேண்டும். அப்பாடசாலை ஆசிரியர் ஒருவர் ஒரு தமிழ் வாக்கியத்தைத் தட்டச்சிட்டு, சேமித்து, மீளத் திறந்து, அச்சிட்டு, குறையிருப்பின் நிறுத்துக என்று சொல்லும் அதிகாரம் உடையவராதல் வேண்டும். அவர் சொல்லை ஏற்றபின்பே படிமம் ஏனைய பாடசாலைகளுக்குச் செல்லுதல் தகும்.

இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. படிமத்தை ஆக்குவோர் அறிந்திருக்க வேண்டிய மொழியறிவும், ஏற்போர் பெற்றிருக்க வேண்டிய தொழிலறிவும், இருவரையும் இணைக்கும் ஒரு விதியுமே வேண்டும். கல்லூரிகளிற் தகவல் தொழினுட்பம் கற்று வெளியேறும் மாணவர் நாளை இப்படிமங்களை ஆக்கும் அறைகளில் அமரக்கூடும். அன்று அவர்தம் கை ஒரு சிறு கட்டத்தைத் தெரிவுசெய்கையில், ரம்புக்கனைக்கு அப்பாலுள்ள ஒரு மாணவி தன் பெயரைத் தன் எழுத்தில் எழுதுவதும் எழுத இயலாது போவதும் அக்கையிலேயே தங்கியுள்ளன.